குளிர்காலத்தில் கூடிப் பேச எந்த ஊர்? வியன்னா, புடாபெஸ்ட், இஸ்தான்புல், லிஸ்பன்

இரவு ரயிலில் ஏறி ஓட்டல் செலவை மிச்சம் பிடித்து, பத்துப் பேர் படுக்கும் விடுதி அறையில் பையைத் தலைக்கு வைத்துத் தூங்கி, ஒரு ரொட்டியைப் பங்கு போட்டுத் தின்று ஊர் சுற்றிய கூட்டம் எங்களுடையது. இப்போது ஆளுக்கொரு மூலையில் இருக்கிறோம். நான் சென்னையில், ஒரு நண்பர் லண்டனில், ஒரு தம்பதி டொரண்டோவில், ஒரு தோழி சிங்கப்பூரில். வருகிற குளிர்காலத்தில் எங்காவது ஒரு நகரத்தில் நாலு ராத்திரி சேர்ந்து இருக்கலாம் என்று பேச்சு கிளம்பியது. வாட்ஸ்ஆப்பில் ஆளாளுக்கு ஓர் ஊரைச் சொல்ல, கழித்தது போக மிஞ்சியவை வியன்னா, புடாபெஸ்ட், இஸ்தான்புல், லிஸ்பன். "ரிட்டயர் ஆகி சும்மாதானே இருக்கே, நீயே அலசிச் சொல்லு" என்று வேலை என் தலையில் விழுந்தது. நாலு ஊரையும் குளிர்காலத்தில் பார்த்தவன் என்பது இன்னொரு காரணம். இதே மாதிரி ஒரு கூட்டம் வைத்திருப்பவர்களுக்கும் உதவுமே என்று இங்கே எழுதிவைக்கிறேன்.

ஊர்களை ஒப்பிடுகிறவர்கள் வழக்கமாக எங்கே என்னென்ன பார்க்கலாம் என்றுதான் பட்டியல் போடுவார்கள். எங்களுக்கு அது தேவையில்லை. அரண்மனையும் தேவாலயமும் வேண்டிய மட்டும் பார்த்தாகிவிட்டது. இந்தத் தடவை வேண்டியது உட்கார இடம். டிசம்பரில் வியன்னாவில் சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். புடாபெஸ்டில் அதற்கும் சில நிமிடம் முன்னால். அங்கிருந்து படுக்கப் போகும் வரை ஆறேழு மணி நேரம் கிடக்கிறது. வெளியே நிற்க முடியாது. ஓட்டல் அறையில் ஐந்து பேர் கட்டிலில் உட்கார்ந்து பேசினால் அரை மணியில் முதுகு பிடித்துக்கொள்ளும். ஒரு மேஜையைப் பிடித்து மூன்று மணி நேரம் கதை பேசினாலும் "வேறென்ன வேணும் சார்?" என்று பில்லை நீட்டாத இடம் எந்த ஊரில் இருக்கிறது? என் முதல் கேள்வி அதுதான். விசா, விமானம், முழங்கால், சிங்கப்பூர்த் தோழியின் சைவச் சாப்பாடு எல்லாம் அதற்கு அடுத்தபடி.

விசாவும் விமானமும்

எங்களில் இந்தியப் பாஸ்போர்ட் என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. பிரிட்டன், கனடா, சிங்கப்பூர் பாஸ்போர்ட்காரர்கள் இந்த நாலு ஊரிலும் விசா இல்லாமலே போய் இறங்கலாம். கனடாக்காரர்களுக்குத் துருக்கி விசாவை நீக்கியது 2023 கடைசியில்தான். ஆக, இந்த விஷயத்தில் கூட்டத்தையே இழுத்துப் பிடிக்கிறவன் நான்தான்.

ஆஸ்திரியா, ஹங்கேரி, போர்ச்சுகல் மூன்றும் ஷெங்கன் நாடுகள். ஒரே விசா மூன்றுக்கும் செல்லும். 2024 ஜூனிலிருந்து கட்டணம் 90 யூரோ, விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்குக் குறையக் கூடாது. அந்தக் கடைசித் தேதியை நம்பி யாரும் உட்கார்ந்திருக்காதீர்கள். எந்த நாட்டில் அதிக ராத்திரி தங்குகிறோமோ அந்த நாட்டிடம்தான் மனு போட வேண்டும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

துருக்கி கணக்கு வேறு. இந்தியர்களுக்கு இ-விசா உண்டு. ஆனால் செல்லுபடியாகும் அமெரிக்க, பிரிட்டிஷ், ஐரிஷ் அல்லது ஷெங்கன் விசா ஏற்கெனவே கையில் இருந்தால்தான். இல்லாவிட்டால் பாஸ்போர்ட்டில் ஒட்டித் தரும் விசாவுக்கு அலைய வேண்டும். பிள்ளையைப் பார்க்க அமெரிக்கா போய்வந்த அப்பா அம்மாக்கள் பலரிடம் பத்து வருட அமெரிக்க விசா பீரோவில் சும்மா தூங்குகிறது. அது இஸ்தான்புல்லுக்குக் கதவு திறக்கும் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது.

விமானத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. லண்டனிலிருந்து நாலு ஊருமே ஏறக்குறைய நாலு மணி நேரத்துக்குள். சென்னையிலிருந்து எதற்கும் நேரடி விமானம் கிடையாது, துபாயில் மாறினால் நாலுக்கும் போகலாம். சிங்கப்பூரிலிருந்து இஸ்தான்புல்லுக்கு நேராகப் போகலாம். லிஸ்பன் ஐரோப்பாவின் மேற்கு ஓரம் என்பதால் கிழக்கிலிருந்து வருகிற எங்கள் இரண்டு பேருக்கும் அதுதான் நீண்ட பயணம்.

லிஸ்பன்

டொரண்டோ தம்பதியின் ஆசை இது. பனி வாரிச் சலித்தவர்களுக்கு ஜனவரியில் பகல் 15 டிகிரி என்றால் ஆசை வராமல் என்ன செய்யும்? வெயில் அடிக்கிற நாளில் சதுக்கத்துச் சிறு கூண்டுக் கடையில் காபி வாங்கிக்கொண்டு வெளியிலேயே உட்காரலாம். சூரியன் மறையவும் ஐந்தரை ஆகும்.

ஆனால் நவம்பர் முதல் ஜனவரி வரைதான் அங்கே மழைக்காலம். நடைபாதை முழுக்கச் சின்னச் சின்னச் சுண்ணாம்புக் கல் பதித்தது, காலங்காலமாக மிதிபட்டு வழவழவென்று இருக்கும். மழை பெய்தால் வழுக்கும். ஊரோ மேடும் பள்ளமும். அல்ஃபாமா என்ற பழைய பேட்டைப் பக்கம் படிக்கட்டில் இறங்கும்போது எங்கள் முழங்கால்களுக்கு யார் பொறுப்பு?

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். லிஸ்பனின் பழைய வீடுகள் பலவற்றில் வீடு முழுவதையும் சூடாக்கும் ஏற்பாடு (சென்ட்ரல் ஹீட்டிங்) எதுவும் இல்லை. கல் சுவர், ஓட்டுத் தரை, மூலையில் ஒரு சின்ன மின் ஹீட்டர். வெளியே 15 டிகிரி இதமாக இருக்கும், வீட்டுக்குள் வந்து ஜாக்கெட்டைப் போட்டுக்கொள்வோம். ஐந்து பேருக்கு ஒரு வீடாக எடுத்தால் செலவு குறையும் என்ற கணக்கு இங்கே உதைக்கிறது.

காபிப் பழக்கமும் நமக்குத் தோதில்லை. ஒரு சின்னக் கோப்பை, இரண்டு மடக்கு, பட்டைப்பொடி தூவிய முட்டைப்பால் தார்ட் ஒன்று, கவுன்டரிலேயே நின்று முடித்துவிட்டுக் கிளம்புகிற ஊர். பெலெமில் 1837 முதல் அந்தத் தார்ட் விற்கும் கடைக்குள் ஓடு பதித்த பெரிய கூடங்கள் இருக்கின்றன, வாசலில் வரிசையும் இருக்கிறது. ராத்திரிக்கு ஃபாடோ என்ற போர்ச்சுகீசியப் பாட்டைக் கேட்கப் போகலாமே என்றார் லண்டன்காரர். அருமையான பாட்டு, 2011-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. ஒரே சிக்கல், ஃபாடோ வீட்டில் விளக்கைத் தணித்துப் பாட்டைத் தொடங்கிவிட்டால் வாயைத் திறக்கக் கூடாது. பக்கத்து மேஜைக்காரரே திரும்பிப் பார்த்து முறைப்பார். பல வருடக் கதையைச் சேர்த்து வைத்துக்கொண்டு வருகிற ஐந்து பேரை அங்கே கொண்டுபோய் உட்காரவைப்பது பாவம். லிஸ்பனை ஏப்ரலுக்கு வைத்துக்கொள்ளலாம்.

இஸ்தான்புல்

இங்கே போட்டி கடுமை. காலைச் சாப்பாடு ஒன்றுக்காகவே இந்த ஊரைத் தேர்ந்தெடுக்கலாம். நாலைந்து வகைப் பாலாடைக்கட்டி, கறுப்பும் பச்சையுமாக ஆலிவ், தக்காளி, வெள்ளரி, தேன் ஊற்றிய கெட்டி ஆடை, தக்காளியோடு கிளறிய முட்டை, சூடான ரொட்டி என்று மேஜை தெரியாமல் சின்னச் சின்னத் தட்டுகளாக நிரப்பிவிடுவார்கள். டீ குடிக்கக் குடிக்க வந்துகொண்டே இருக்கும். இரண்டு மணி நேரம் உட்காருவதுதான் அங்கே முறை. அதற்குத் தோதாக ஊரே தாமதமாக விழிக்கும். 2016-லிருந்து துருக்கி வருடம் முழுக்கக் கோடை நேரத்திலேயே கடிகாரத்தை வைத்திருக்கிறது. அதனால் டிசம்பர் கடைசியில் சூரியன் எழவே எட்டரை ஆகிவிடும், மறைய ஐந்தே முக்கால் வரை ஆகும். காலையில் எழ மறுக்கிற எங்கள் கூட்டத்துக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

அப்புறம் படகு. எமினொனுவிலிருந்து கடிகோய் போகிற பயணிகள் படகு இருபது நிமிடத்தில் ஐரோப்பாவிலிருந்து ஆசியாவுக்குக் கொண்டுபோய் விடும். கட்டணம் பஸ் டிக்கெட் மாதிரிதான். உள்ளே கதகதப்பான நீள பெஞ்சுகள். ஒருவர் தட்டில் டீயை அடுக்கிக்கொண்டு இடுக்கிலெல்லாம் புகுந்து வருவார். இடை சிறுத்த கண்ணாடிக் குவளை, சாசரில் இரண்டு சர்க்கரைக் கட்டி. குவளைக்குப் பிடி கிடையாது, சூட்டுக்கு விளிம்பை இரண்டு விரலால் பிடித்துத்தான் குடிக்க வேண்டும். வெளித்தட்டில் நின்று எள் தூவிய வளைய ரொட்டியைப் பிய்த்து எறிகிறவர்கள் பின்னாலேயே கடற்காக்கைகள் வரும். எதையும் 'பார்க்க' வேண்டிய அவசியமில்லாமல் போய்வரலாம். வேண்டுமானால் அதே படகில் திரும்பலாம்.

குளிர்கால விசேஷமாக போஸா இருக்கிறது. தானியத்தைப் புளிக்கவைத்துச் செய்கிற கெட்டியான பானம், சர்க்கரை போட்ட கம்மங்கூழ் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே பட்டைப்பொடி, கூடவே வறுத்த கொண்டைக்கடலை. வெஃபா என்ற பேட்டையில் 1876 முதல் ஒரே கடை இதை விற்கிறது. சிங்கப்பூர்த் தோழிக்கு இந்த ஊரில் சாப்பாட்டுப் பிரச்சினையும் இல்லை. பருப்பு சூப் எந்தத் தெருவிலும் கிடைக்கும், ராத்திரி மெய்ஹானே என்ற மதுவும் சாப்பாடும் தரும் கடைகளில் கத்தரிக்காய், தயிர், பயறு என்று சைவத் தட்டுகளே மேஜையை நிறைக்கும். அங்கும் எழுந்திருக்கச் சொல்ல மாட்டார்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஏன் தயங்குகிறேன்? நிம்மதி என்பது இந்த ஊரின் சுபாவம் இல்லை. ஒன்றரைக் கோடிப் பேர் இருக்கும் நகரம். இரண்டு பேட்டைக்கு நடுவே போக்குவரத்தில் மாட்டினால் ஒரு மணி நேரம் காலி. ஜனவரியில் எட்டு ஒன்பது டிகிரி, மழை, அந்த ஈரத்தில் கலாத்தா மேட்டில் ஏற்றம். சுல்தானஹ்மெத் பக்கம் நின்றால் கம்பளக் கடைக்காரரோ சாப்பாட்டுக் கடைக்காரரோ பேச்சுக் கொடுக்காமல் விட மாட்டார். சல்லிசான ஊர் என்ற பழைய நினைப்பும் இனிச் செல்லாது. லிரா விழுந்தாலும் விலைவாசி அதைவிட வேகமாக ஏறிவிட்டது. ஹாகியா சோபியாவில் வெளிநாட்டவர் மேல்மாடத்தை மட்டும் பார்க்க 2024 ஜனவரியிலிருந்து 25 யூரோ கொடுக்க வேண்டும். இன்னொரு விஷயம், 2025 மே மாத இந்திய-பாகிஸ்தான் மோதலில் துருக்கி பாகிஸ்தான் பக்கம் நின்றதால், அதற்குப் பிறகு துருக்கி போவதில்லை என்று முடிவெடுத்த இந்தியர்கள் பலர். அது அவரவர் மனசாட்சி. கூட்டத்தில் ஒருவருக்கு உறுத்தல் இருந்தாலும் ஊரை மாற்றிவிடுவது நல்லது, நாலு நாளும் அந்தப் பேச்சே ஓடிக்கொண்டிருக்கும்.

புடாபெஸ்ட்

இந்த ஊரின் வாதம் வெந்நீர். நகரப் பூங்காவில் 1913-இல் கட்டிய செச்சேனி குளியல் மாளிகை, மஞ்சள் அரண்மனை மாதிரி இருக்கும். நடு முற்றத்தில் திறந்தவெளிக் குளங்கள். சூடானதில் தண்ணீர் 38 டிகிரி, மேலே காற்று பூஜ்யத்துக்குப் பக்கத்தில். உடை மாற்றும் அறையிலிருந்து குளம் வரை நடக்கிற அந்தப் பத்து இருபது அடிதான் சோதனை. தரை ஐஸ் மாதிரி இருக்கும், ரப்பர் செருப்பு இல்லாமல் போகாதீர்கள். உள்ளே இறங்கிவிட்டால் கழுத்துவரை சூடு, எதிரில் இருப்பவர் முகம் ஆவியில் பாதிதான் தெரியும். ஓரத்தில் வயசான மனிதர்கள் மார்பளவு தண்ணீரில் நின்று செஸ் ஆடிக்கொண்டிருப்பார்கள். அங்கே போகிற மெட்ரோவும் ஒரு சுகம். 1896-இல் ஓடத் தொடங்கிய பாதை, பிரிட்டனை விட்டுவிட்டால் ஐரோப்பாவிலேயே முதலாவது, தெருவுக்கு நாலு படி கீழேயே சின்னப் பெட்டிகளோடு ஓடுகிறது. அமைதி வேண்டுமென்றால் துருக்கியர் காலத்து ருடாஷ் இருக்கிறது. எட்டுத் தூண், மேலே கல் குவிமாடம், நடுவே எண்கோணக் குளம், அரையிருட்டு. சில நாள் ஆண்களுக்கு மட்டும், சில நாள் பெண்களுக்கு மட்டும் என்று வைப்பதுண்டு, பார்த்துவிட்டுப் போக வேண்டும்.

சரி, ஆனால் வெந்நீரில் எவ்வளவு நேரம் இருக்க முடியும்? இருபது நிமிடத்தில் தலை சுற்ற ஆரம்பிக்கும். எங்களில் மூன்று பேர் பிரஷர் மாத்திரை. ஒருவருக்கு நீச்சல் உடை என்றாலே கூச்சம் (யாரென்று சொல்ல மாட்டேன்). குளித்து முடித்து வெளியே வந்தால் பழைய கேள்வி அப்படியே நிற்கிறது, ராத்திரிக்கு எங்கே உட்காருவது? யூதர் பேட்டையின் பாழடைந்த கட்டிட மதுக்கூடங்கள் பேர் பெற்றவை. அங்கே இசைச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் சொல்வது காதில் விழாது. நமக்கு அந்த வயது தாண்டிவிட்டது. 1894-இல் திறந்த நியூயார்க் காபி மாளிகையின் கூரையை அண்ணாந்து பார்க்கலாம். வரிசையில் நின்று போகிற இடத்தில் சாவகாசமாக உட்கார மனசு வராது. சாப்பாட்டில் இறைச்சிதான் ராஜா. பூண்டுத் தண்ணீர் தடவிய லாங்கோஷ் அப்பத்தையும் வறுத்த பாலாடைக்கட்டியையும் வைத்து நாலு நாள் ஓட்ட முடியாது. இரண்டு நாளுக்கு அருமையான ஊர்.

வியன்னா

இனி என் கட்சி. வியன்னாவில் காபிக்கடை என்பது உட்காருவதற்காகவே ஏற்பட்ட இடம். மெலாஞ்சே என்ற பால் காபி ஒன்று கேட்டால் சின்ன உலோகத் தட்டில் நுரை பொங்கிய கோப்பையும் ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரும் வரும், டம்ளரின் மேல் ஸ்பூன் கவிழ்த்து வைத்திருக்கும். தண்ணீர் குழாய்த் தண்ணீர்தான். 1873 முதல் ஆல்ப்ஸ் மலை ஊற்றுகளிலிருந்து குழாய் வழியாக நகரத்துக்கு வருகிறது, அதில் அவர்களுக்குப் பெருமை. மரச் சட்டத்தில் மாட்டிய செய்தித்தாள்கள் தொங்கும். ஒரே காபியோடு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தாலும் பில் வராது. நாமாகக் கேட்டால்தான் வரும், கேட்டாலும் உடனே வராது. பரிமாறுகிறவர்கள் சிடுமூஞ்சி என்று பேர் வாங்கியவர்கள். அது நமக்கு வசதிதான், யாரும் வந்து நலம் விசாரித்துப் பேச்சைக் கெடுக்க மாட்டார்கள். இந்தக் காபிக்கடைப் பண்பாட்டை 2011-இல் ஆஸ்திரியா தன் மரபுச் செல்வப் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது.

எந்தக் கடை என்பது முக்கியம். சென்ட்ரல் என்ற காபிக்கடைக்கு வெளியே எப்போதும் வரிசை, படம் எடுக்கிறவர்கள் கூட்டம், விட்டுவிடலாம். 1880-இல் தொடங்கிய ஷ்பெர்ல் நம் கூட்டத்துக்கு அளவெடுத்தது போன்ற இடம். உயரமான ஜன்னல், தேய்ந்த மெத்தை இருக்கைகள், நடுவில் பில்லியர்ட்ஸ் மேஜைகள், ஐந்து பேர் தாராளமாக உட்காரும் மூலைகள். ராத்திரிக்கு ஹவெல்கா. இடம் இருட்டு, மேஜைகள் நெருக்கம், ஆனால் எட்டு மணிக்கு மேல் பிளம் ஜாம் வைத்த பஞ்சு போன்ற புக்டெல்ன் பன்கள் அடுப்பிலிருந்து நேராக வரும். முன்பெல்லாம் இந்தக் கடைகளில் சிகரெட் புகை கண்ணை எரிக்கும். 2019 நவம்பர் 1 முதல் உள்ளே புகைக்கத் தடை வந்த பிறகு ஆஸ்துமாக்காரர்களும் போகலாம்.

உட்கார்ந்து அலுத்தால் நடக்கவும் ஊர் சமதளம். பழைய நகரத்தைச் சுற்றிப் போகிற ரிங் சாலையில் டிராம் ஓடுகிறது. மழையோ பனித்தூறலோ வந்தால் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டால் ஓபேரா, நாடாளுமன்றம், நகரமன்றம் எல்லாம் தானே வந்து போகும். கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஒரே ஒரு அறை போதும், புரூகல் அறை. அவருடைய ஓவியங்கள் உலகத்தில் அதிகம் இருப்பது அங்கேதான். 1565-இல் வரைந்த பனியில் திரும்பும் வேட்டைக்காரர்கள் படத்தின் முன்னால் மெத்தை போட்ட இருக்கை உண்டு. நாயோடு தளர்ந்து நடக்கிற மூன்று பேர், கீழே உறைந்த குளத்தில் சறுக்கி விளையாடுகிற ஊர்ச்சனம். பார்த்துவிட்டு மேல்மாடியில் குவிமாடத்துக்குக் கீழே இருக்கும் காபிக்கடைக்குப் போய்விடலாம்.

ஓபேராவில் 20 யூரோவுக்குள் நின்று பார்க்கும் டிக்கெட் உண்டு. இடம் பிடித்ததும் முன்னால் இருக்கிற கம்பியில் கழுத்துத் துண்டைக் கட்டிவிட்டு வெளியே போய்வரலாம், யாரும் அவிழ்க்க மாட்டார்கள். நம் ஊர் பஸ்ஸில் ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடித்தவர்களுக்கு இது பழகிய சட்டம். லண்டன்காரரும் நானும் கடைசிவரை நிற்போம், மற்றவர்கள் முதல் இடைவேளையில் கிளம்பிவிடலாம்.

குறைகளும் உண்டு. ஜனவரியில் பகலே மூன்று நாலு டிகிரிதான், ராத்திரி பூஜ்யத்துக்குக் கீழே, காற்று வேறு. ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடிவிடும், பாலோ ரொட்டியோ வேண்டுமென்றால் பெரிய ரயில் நிலையங்களில் கிடைக்கும். நாலு ஊரில் செலவில் முதலிடம் இதற்குத்தான். சைவம் சமாளிக்கலாம், பாலாடைக்கட்டி போட்ட ஷ்பெட்ஸ்லே நூடுல்ஸ், உருளைக்கிழங்கு சூப், பிய்த்துப்போட்ட இனிப்பு ஆம்லெட் மாதிரியான கைசர்ஷ்மார்ன் (முட்டை சாப்பிடுவார்களா என்று கேட்டுக்கொள்ளவும்), நாஷ்மார்க்ட் சந்தையில் ஃபலாஃபல். இஸ்தான்புல் தரும் வகைவகையான சாப்பாடு இங்கே வராது.

எந்த வாரம்?

கிறிஸ்துமஸ் சந்தைகளைப் பார்க்க டிசம்பரில் போகலாம் என்றார்கள் டொரண்டோ தம்பதி. நகரமன்றச் சதுக்கத்துச் சந்தை நவம்பர் நடுவில் தொடங்கி டிசம்பர் 26 வரை நடக்கும். குவளைக்கு முன்பணம் கட்டி மசாலா போட்ட சூடான ஒயினை வாங்கிக்கொண்டு நிற்பது நன்றாகத்தான் இருக்கும், ஒரு மணி நேரம். பிறகு கால் விறைத்துக் காபிக்கடைக்கு ஓடினால் ஊரே அங்கே நிற்கும், ஐந்து பேருக்கு மேஜை கிடைக்காது. ஓட்டல் வாடகையும் உச்சத்தில். ஜனவரி 6 மூன்று ராஜாக்கள் திருநாள் தாண்டிவிட்டால் கூட்டம் வடியும், வாடகை இறங்கும். அது நடன விழாக்களின் காலமும்கூட. ராத்திரி டிராமில் நீளக் கவுனும் கறுப்புக் கோட்டுமாக ஆட்கள் நிற்பார்கள். டிக்கெட் இல்லாமலே வேடிக்கை பார்க்கலாம்.

அதனால் ஜனவரி மூன்றாவது வாரம், வியன்னா, நாலு ராத்திரி. ஷ்பெர்லுக்கு நடக்கிற தூரத்தில், ஆறாவது ஏழாவது வட்டாரத்தில் ஓட்டல். ஒரே வீடாக எடுக்க வேண்டாம், தனித்தனி அறைகளே நல்லது. அன்றைக்கு விடுதியில் குறட்டையைப் பொறுத்துக்கொண்டோம், இனிமேல் முடியாது. விடுமுறை மிச்சம் இருப்பவர்கள் ரயில் பிடித்து இரண்டே முக்கால் மணி நேரத்தில் புடாபெஸ்ட் போய் இரண்டு ராத்திரி வெந்நீரில் கிடக்கலாம். அப்போதும் ஆஸ்திரியாவில்தான் ராத்திரி அதிகம் என்பதால் என் விசா மனு அங்கேதான் போகும். விசா கிடைக்காமல் இழுத்தால், என் அமெரிக்க விசாவை வைத்து இஸ்தான்புல்லுக்கு மாறிக்கொள்வோம், யாருக்கும் அதில் உறுத்தல் இல்லையென்றால்.

லிஸ்பனை விட மனசில்லாத டொரண்டோ தம்பதிக்கு, வியன்னா ஜனவரி அவர்கள் ஊர் ஜனவரியைவிடக் குளிர் குறைவுதான் என்று இரண்டு ஊர் சராசரியையும் அனுப்பியிருக்கிறேன். அவர்கள் சரி என்று சொன்னதும் விசா மையத்தில் தேதி எடுக்கிறேன்.